எல்லோரும் குணமாகிப் போன ஆஸ்பத்திரி

நகரத்தில் பார்க்கத் தகுந்த பழைய இடங்கள் எல்லாமே யாராவது செத்த இடங்களாக இருந்தது கழகத்துக்குப் பெரிய தலைவலி. கழகத்தின் முழுப் பெயர் ‘குடும்பங்களுக்கு உகந்த நகர வரலாற்று நடைக் கழகம்’. விடுமுறை நாட்களில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிக் காட்டுவது அதன் வேலை. ஆரம்பத்தில் வெறும் ‘நகர வரலாற்று நடைக் கழகம்’ என்றுதான் இருந்தது. தூக்குமேடையைப் பார்த்துவிட்டு வந்த தன் மகன் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று ஒரு பெண்மணி புகார் கொடுத்த பிறகு ‘குடும்பங்களுக்கு உகந்த’ வந்து ஒட்டிக்கொண்டது. எது உகந்தது, எது உகந்ததல்ல என்று பார்த்துச் சொல்ல ஓர் உகப்பு அலுவலர் நியமிக்கப்பட்டார். அவருக்கு ஓர் உதவியாளர். இருவரும் உட்கார இடம் இல்லாததால் வரலாற்று ஆய்வாளர் இருந்த அறையைக் காலி செய்தார்கள். வரலாற்று ஆய்வாளர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் அதே நகரத்தில் இருந்த ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவருக்கு அந்த ஒரு வருடமாக எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. மனைவி இறந்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினார். தட்டு வைத்தால் சாப்பிட்டார். எடுத்தால் கை கழுவினார். கடைக்குப் போய், கூலிங் வராத ஃபிரிட்ஜ்களுக்குக் கேஸ் நிரப்பி, கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனுஷன் ரொம்பத் திடமானவர் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். திடம்தானா என்று அவருக்கே சந்தேகம். பல் பிடுங்கப் போட்ட மரத்துப்போகிற ஊசி வாயோடு நிற்காமல் உடம்பு முழுக்க இறங்கி, இறங்கின இடத்திலேயே தங்கிவிட்டது போல இருந்தது.

அவருக்கு ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. சுண்டு என்று கூப்பிடுவார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுண்டுவைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது வீட்டைக் கழுவித் துடைத்திருந்தார்கள், அம்மா சுவரில் போட்டோவாகியிருந்தாள். அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். எப்படி, எங்கே என்று கேட்டபோதெல்லாம் கையில் பிஸ்கட் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் டிவியைப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளை தேறிவிட்டது என்று பெரியம்மா நிம்மதியானாள்.

அந்தப் பெரியம்மாதான் நடைக்கு ஏற்பாடு செய்தவள். அப்பாவும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, காலாற நடந்துட்டு வாங்க. நல்லதா நாலு விஷயம் காதுல விழும்,” என்றாள். மெக்கானிக் தலையாட்டினார்.

கழகத்தின் வரவேற்பு அறையில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்யும் பெண் கம்ப்யூட்டரில் அவர்கள் விவரத்தைத் தேடி எடுத்து, அம்மா எங்கே என்று கேட்டாள். இல்லை என்றார். வெளியே பாத்ரூம் போயிருக்கிறாரா என்றாள். இறந்துவிட்டாள் என்றார். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. மெக்கானிக், அவள் வருத்தப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

“சார், அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. சுத்தி குழந்தைங்க இருக்காங்க,” என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘இன்று வரவில்லை’ என்று போட்டுக்கொள்ளவா என்று கேட்டாள். மெக்கானிக் யோசித்தார். அதுவும் உண்மைதான். தலையாட்டினார்.

ஆனால் கம்ப்யூட்டர் தலையாட்டவில்லை. கழகத்தின் கணக்கில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, குழந்தை. மூன்றில் ஒன்று குறைந்தால் அது குடும்பம் இல்லை, கும்பல். கும்பலை நடைக்கு அனுமதிக்க முடியாது. மெக்கானிக் சரி என்று மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அதற்குள் அந்தப் பெண் ஓடி வந்து, அப்படியெல்லாம் யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கழகத்துக்கு இல்லை என்று சொல்லி உட்காரவைத்தாள். குறைகிற உறுப்பினரைக் கழகமே கொடுக்கும். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

வந்தவள் பை வைக்கும் கவுண்டரில் வேலை செய்கிறவள். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பை அக்கா என்றார்கள். நீல நிறப் பட்டை ஒன்றைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு வந்தாள். அதில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. இதற்கு முன் பலருக்கு அம்மாவாகவும், சில குடும்பங்களில் பாட்டியாகவும், ஆள் கிடைக்காத ஒரு நாள் அப்பாவாகவும் இருந்திருப்பதாக அவளே சொன்னாள். அப்பாவாக இருந்த அன்று மட்டும் மீசை ஒட்டச் சொன்னார்களாம், அவள் ஒப்புக்கொள்ளவில்லையாம். சுண்டு பட்டையைப் படித்தாள். பை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பை அக்கா கையை நீட்டியதும், பள்ளிக்கூடத்தில் புது டீச்சருக்குக் கொடுப்பது போலத் தன் கையைக் கொடுத்தாள்.

நடை தொடங்கியது. குடும்பங்கள் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக நீளமாக ஒரு வண்ணக் கயிறு. அதில் வளையம் வளையமாகத் தொங்கியது. குடும்பத்துக்கு ஒரு வளையம். முன்னால் வழிகாட்டி, கையில் மைக். வரலாற்றில் முதுகலை படித்தவர் அவர். வேலையில் சேரும்போது படித்ததை மறந்துவிடுவதாக உறுதிமொழி எடுத்திருந்தார். பின்னால், கழுத்தில் விசிலோடு ஒரு பெண். முகக் கண்காணிப்பாளர் என்று பெயர். ஒவ்வோர் இடத்திலும் நடையர்களின் முகம் மலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

முதலில் கோட்டை வாசல். முன்னொரு காலத்தில் வெளியூரிலிருந்து ஏராளமான விருந்தாளிகள் இங்கே வந்து, உள்ளே வர அனுமதி கேட்டு, பல மாதம் பொறுமையாக வெளியே காத்திருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அத்தனை பேருக்குச் சமைக்க முடியாது என்பதால் நகரத்து மக்கள் கதவைத் திறக்கவில்லை. அந்த மாதங்களில் மக்கள் குறைவாகச் சாப்பிட்டு உடம்பைச் சிக்கென்று வைத்துக்கொண்டார்கள். கடைசியில் சாப்பிடுவதையே பலர் விட்டுவிட்டார்கள். குழந்தைகள் கைதட்டினார்கள். பெற்றோரில் சிலர் குழந்தைகளின் டிபன் டப்பாவைக் காட்டி, பார்த்தாயா, நீ இதைக்கூடச் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று கண்டித்தார்கள்.

அடுத்தது கடைத் தெருவின் நடுவே கல் மேடையும் அதன் மேல் ஒரு வளைவும். நகரத்தின் பேர் பெற்ற ஆட்கள் ஒவ்வொருவராக இதில் ஏறி, கூடியிருந்த மக்களிடம் நாலு வார்த்தை பேசி, விடைபெற்றார்கள் என்றார் வழிகாட்டி. வளைவில் பழைய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அது எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். ஊஞ்சல் கட்ட என்றார். கொக்கியைப் பிடுங்க முடியாது, புராதனச் சின்னம் என்பதால் கழகம் அதில் உண்மையிலேயே ஓர் ஊஞ்சல் கட்டிவைத்திருந்தது. குழந்தைகள் வரிசையில் நின்று ஆடினார்கள். சுண்டுவும் ஆடினாள். மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

அங்கேதான் முதல் விசில் அடித்தது. முகக் கண்காணிப்பாளர் நேரே மெக்கானிக்கிடம் வந்தாள். அவர் முகம் மலரவில்லை என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மலர்த்தப் பார்த்தார். உதடு விரிந்தது, மற்றது எதுவும் அசையவில்லை. அவள் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை, முகமே இப்படித்தான் ஆகிவிட்டது என்றார். அவர் கையில் மஞ்சள் வளையம் ஒன்று மாட்டிவிட்டார்கள். மஞ்சள் வளையம் போட்டவர்கள் கயிற்றின் கடைசிக்குப் போக வேண்டும், மற்றக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தால் முகத்தைக் கட்டடத்தின் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் அப்படியே செய்தார். அடுத்து வந்தது எரிந்துபோன தெரு. அன்றைக்கு ஒருநாள் மட்டும் நகரம் முழுக்க ராத்திரியெல்லாம் வெளிச்சமாக இருந்தது என்று வழிகாட்டி மைக்கில் சொல்லிக்கொண்டிருக்க, மெக்கானிக் ஒரு கரிய செங்கல்லை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரொம்பப் பக்கத்துல பாக்காதீங்க சார். செவுத்துல சாயறீங்கன்னு அதுக்கும் விசில் அடிப்பா,” என்றாள் பை அக்கா.

பிறகு ஒரு குறுகலான சந்து. குழந்தைகளுக்குத் திடீர் மகிழ்ச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காக, போகிற இடங்களை முன்கூட்டிச் சொல்வதில்லை. சந்து முடிகிற இடத்தில் வெளிச்சம் விழுந்தது. மெக்கானிக் தலையைத் தூக்கினார். எதிரே இருந்த பலூன் கடையைப் பார்த்தார். அது மருந்துக் கடையாக இருந்த காலத்தில் அதன் வாசலில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை நின்றிருந்தார். மெதுவாகத் திரும்பினார். பெரிய ஆஸ்பத்திரி. வாழைப்பழ மஞ்சளில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போனதும், பழைய கட்டடத்தைக் கழகத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே வராததால் அது அவருக்குத் தெரியாது.

“இது ஒரு காலத்துல பெரிய ஆஸ்பத்திரியா இருந்துச்சு,” என்றார் வழிகாட்டி. “உடம்பு சரியில்லாதவங்க எத்தனையோ பேர் இங்க வந்தாங்க. வந்த எல்லாரும் குணமாகி, இதோ, இந்த வாசல் வழியா வெளிய போனாங்க.”

எல்லோரும் வாசலைப் பார்த்துக் கைதட்டினார்கள். சுண்டு கைதட்டவில்லை. அன்று முழுக்க வாயைத் திறக்காதவள், வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

“எல்லாருமா?” என்று கேட்டாள்.

எல்லோரும்தான் என்றார் வழிகாட்டி.

“போன வருஷம் வந்தவங்களும்?”

வழிகாட்டி முகக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். போன வருடம் வந்தவர்களும்தான் என்றார் அவர்.

சுண்டு அந்த வாசலையே பார்த்தாள். சலவைக்கல் படி, இரண்டு பக்கமும் பூந்தொட்டி. பிறகு திரும்பி, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது போல மெல்லிய குரலில் கேட்டாள்.

“அப்பா, அப்ப அம்மா குணமாயிட்டாங்களா? குணமாயிட்டு ஏன் நம்ம வீட்டுக்கு வரல?”

இந்த ஒரு வருடத்தில் சுண்டுவின் எந்தக் கேள்விக்கும் மெக்கானிக் பதில் சொன்னதில்லை. வேறு யாராவது முந்திக்கொண்டு எதையாவது சொல்லிவிடுவார்கள். இப்போதும் யாராவது சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார். வழிகாட்டி மைக்கின் ஒயரைச் சரிசெய்தார். பை அக்கா தரையைப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

“இல்லம்மா,” என்றார் மெக்கானிக். “அம்மாவுக்குக் குணமாகல. இங்கதான் இறந்துட்டா. மேல, ரெண்டாவது மாடியில. நான் பக்கத்துல இருந்தேன்.”

விசில் விடாமல் அடித்தது. எங்கிருந்தோ நாலு பேர் வண்ணக் குடைகளோடு ஓடி வந்து, மெக்கானிக் குடும்பத்தைச் சுற்றி விரித்து மறைத்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரி முற்றத்தில் எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும். இறந்துட்டா என்ற வார்த்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நன்றாகக் கேட்டுவிட்டது. கொக்கியைப் பற்றி விசாரித்த அதே பையன், அந்தப் பேர் பெற்ற ஆட்கள் மேடையில் ஏறினார்களே, எப்போது இறங்கினார்கள் என்று தன் அப்பாவைக் கேட்டான். இன்னொரு சிறுமி, சாப்பிடுவதையே விட்டவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்றாள். அப்பாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

மெக்கானிக்கை இயக்குநர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்பு தலைமை டாக்டர் இருந்த அறை அது. சுண்டுவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து வண்ணப் பென்சில் கொடுத்திருந்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. எழுந்து வந்து மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா என் வருத்தத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும்,” என்றார். “நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு செத்துக் கெடந்தாங்க. பட்டினியில செத்தவன், தூக்குல செத்தவன், தீயில செத்தவன். எங்க கூட்டிட்டுப் போனாலும் சாவு. ஒவ்வொருத்தரா எடுத்தேன் சார். ராப்பகலா எடுத்தேன். இப்ப ஊர் முழுக்கத் தேடுங்க, ஒரு ஆள் செத்த இடம் காட்டுங்க பாக்கலாம். எல்லாம் முடிச்சு, கடைசியா இந்த ஆஸ்பத்திரியும் கைக்கு வந்து, நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன். இன்னைக்கு நீங்க வந்து, கொண்டுவந்து, புதுசா ஒண்ணு வச்சிட்டீங்க.”

மெக்கானிக் மன்னிப்புக் கேட்டார்.

வரலாறு குடும்பங்களுக்கு உகந்த முறையில் நடக்காதது கழகத்தின் தப்பில்லை என்றார் இயக்குநர். நடத்தினவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். போனது போகட்டும், ஆனால் மெக்கானிக்கின் மனைவி விஷயம் போன வருடம்தான் நடந்திருக்கிறது. கழகம் இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருக்கிற காலத்தில். அதுதான் தனக்கு மனசு ஆறவில்லை என்றார். மெக்கானிக் மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று இயக்குநர் சொன்னார். குழந்தைகள் வீட்டுக்குப் போவதற்குள் கேட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். வாயால் மறுத்தால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பை அக்கா பின்பக்கமாக உள்ளே போய், குணமாகி, முன்வாசல் வழியாக வெளியே வருவாள். மெக்கானிக் எதிரே போய், வந்துவிட்டாயா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். குழந்தைகள் கைதட்டுவார்கள். விஷயம் முடிந்தது. அவருக்கு ஆயுளுக்கும் இலவச நடை அனுமதி. அம்மாவும் அதில் அடக்கம்.

மெக்கானிக் தலையாட்டினார். கேட்டது முழுசாக உள்ளே இறங்குவதற்கு முன்பே தலை ஆடிவிட்டது. ஒரு வருடப் பழக்கம்.

முற்றத்தில் குடும்பங்களை அரைவட்டமாக நிறுத்தினார்கள். சுண்டுவைக் கொண்டுவந்து முன்வரிசையில் விட்டார்கள். வழிகாட்டி மைக்கில், ஒரு சின்னத் தவறான தகவல் வந்துவிட்டது, இப்போது சரியான தகவல் வரப்போகிறது என்றார். கதவு திறந்தது. பை அக்கா வெளியே வந்தாள். கையில் பூங்கொத்து கொடுத்திருந்தார்கள். பட்டையின் கீழே யாரோ ‘குணமானவர்’ என்று அவசரமாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் படியில் நின்று கையை அசைத்தாள். குழந்தைகளும் பெற்றோரும் கைதட்டினார்கள். உகப்பு அலுவலரும் உதவியாளரும் ஜன்னலில் நின்று கைதட்டினார்கள். மெக்கானிக் இரண்டடி முன்னால் வைத்தார். வந்துட்டியா என்று அவர் சொல்ல வேண்டிய இடம்.

சுண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, நானும் கைதட்டணுமா?” என்று கேட்டாள்.

அடம் இல்லை, அழுகை இல்லை. சொன்னால் தட்டிவிடுவாள் என்று அவருக்குப் புரிந்தது. தன்னைப் போலவே அவளும் எதற்கும் தலையாட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“வேணாம். வா, அம்மா இருந்த இடத்தக் காட்டறேன்,” என்றார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். வழிகாட்டி குறுக்கே ஓடி வந்து, அது குணமானவர்கள் வெளியே வருகிற வாசல், அது வழியாக உள்ளே போகக் கூடாது என்று கெஞ்சினார். மெக்கானிக் கேட்டுக்கொண்டே போனார். பை அக்கா பூங்கொத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர்களுக்காகக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

இரண்டாவது மாடி வார்டில் கட்டில்கள் இல்லை. சுவரெல்லாம் மேகமும் முயலும் வரைந்திருந்தார்கள். தரையில் முழங்கால் உயரத்துக்கு வண்ண வண்ண பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி, குழந்தைகள் குதித்து விளையாட ஒரு குளம் போலச் செய்திருந்தார்கள். மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். மகளைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டு, தானும் இறங்கினார். பந்துகளைத் தள்ளிக்கொண்டு, ஜன்னல்களை எண்ணாமல், நேரே ஒரு ஜன்னலுக்குப் போய் நின்றார்.

“இங்கதான் கட்டில். தலை இந்தப் பக்கம்,” என்றார்.

சுண்டு அந்த இடத்தைப் பார்த்தாள். பந்துகளை விலக்கித் தரையைப் பார்த்தாள். அம்மாவுக்கு வலித்ததா என்று கேட்டாள்.

வலித்தது என்றார். முதலில் ரொம்ப. அப்புறம் ஊசி போட்டார்கள். அப்புறம் இல்லை.

என்னைக் கேட்டார்களா என்றாள். கேட்டாள் என்றார். பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது யார் என்று அம்மா கேட்டாளாம். பெரியம்மா என்று சொன்னதும், அக்கா இறுக்கிப் பின்னுவாள், பிள்ளைக்குத் தலை வலிக்கும், சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் சொல்ல மறந்துவிட்டார்.

“ஆமா. வலிக்குது,” என்றாள் சுண்டு. பிறகு, “நீங்க என்னப்பா பண்ணீங்க?”

“காலப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கால் சில்லுன்னு இருந்துச்சு. தேச்சுத் தேச்சு விட்டேன்.”

“அழுதீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“தெரியலம்மா.”

சுண்டு அதைப் பதிலாக ஏற்றுக்கொண்டாள். பந்துகளுக்கு நடுவே, கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கழுத்து வரைக்கும் மூழ்கிப்போனாள். அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, ஒரு வருடத்து அழுகை அழுதாள். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வார்டு வாசலில் கயிறு இல்லாமல் வந்து சேர்ந்திருந்த மற்றக் குடும்பங்கள் நின்றன. ஒரு குழந்தைகூடப் பந்தில் குதிக்கவில்லை. முகக் கண்காணிப்பாளர் விசிலை வாயில் வைத்தாள். யார் முகத்தைப் பார்த்து அடிப்பது என்று தெரியாமல் எடுத்துவிட்டாள்.

அன்று இரவு அந்தக் குழந்தைகள் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள் என்று கழகத்துக்குத் தகவல் வந்தது. பல பெற்றோர் போன் செய்து, அந்த மெக்கானிக் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, அந்த நடை மறுபடி எப்போது என்று கேட்டார்கள். கழகம் அவசரமாகக் கூடியது. நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, முறையாகச் செய்தால் துக்கமும் குடும்பங்களுக்கு உகந்ததே என்று தீர்மானம் போட்டார்கள். உகப்பு அலுவலருக்கு இரண்டாவது உதவியாளர் கிடைத்தார்.

கொஞ்ச நாளில் புது நடை தொடங்கியது. வார்டில் வண்ணப் பந்துகளை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பந்துகளைக் கொட்டினார்கள். பை அக்காவுக்குப் பதவி உயர்வு. ‘காலமான அம்மா’ என்று பட்டை தைத்துக் கொடுத்து, ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். மெக்கானிக்காக நடிக்க ஓர் ஆளை எடுத்தார்கள். முகக் கண்காணிப்பாளருக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். இப்போது கண் கலங்காதவர்களுக்குத்தான் மஞ்சள் வளையம். இதையெல்லாம் பெரியம்மா யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே சுண்டுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தளரத்தான் பின்னினாள்.

மெக்கானிக் அதையும் கேட்டுக்கொண்டார். அவர் எப்போதும் போலக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் உகப்பு அலுவலரே கடைக்கு வந்தார். சுண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஒரு பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிவைத்திருந்தார். அலுவலர் ஸ்டூலில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். நடை நன்றாகப் போகிறது, ஆனால் நடிக்கிற ஆளுக்குச் சில இடங்களில் தடுமாற்றம் இருக்கிறது, வரலாற்றில் பிழை வந்துவிடக் கூடாது என்பதில் கழகம் இப்போது மிகவும் கண்டிப்பாக இருக்கிறது என்றார். சில சந்தேகங்கள் கேட்டார். மெக்கானிக் வேலை செய்துகொண்டே சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரா, கட்டிலிலா? கட்டிலில். ஃபேன் ஓடியதா? ஓடியது. சட்டை என்ன நிறம்? ஞாபகமில்லை. அலுவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“காலப் புடிச்சுட்டிருந்ததா சொன்னீங்க இல்ல,” என்றார். “இடது காலா சார், வலது காலா?”

மெக்கானிக் திருப்புளியை நிறுத்தினார். யோசித்தார். கையைப் பார்த்தார். கட்டிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். வலது பாதத்தைப் பிடித்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். இல்லை, அது சூடாகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பிடித்தார். அதற்குள் முதலில் பிடித்தது சில்லிட்டுவிட்டது. மறுபடி அதைப் பிடித்தார். அப்புறம் எது எதுவென்று தெரியவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது ஆறிப்போனது. திருப்புளி கீழே விழுந்தது. அவர் ஃபிரிட்ஜின் திறந்த முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் கம்ப்ரஸர் உறுமுவது போல ஒரு சத்தம் வந்தது, பிறகு அது அழுகையாயிற்று.

சுண்டு பெட்டியிலிருந்து இறங்கி வந்து, அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அலுவலர் நாகரிகமாகக் காத்திருந்தார். நடுவில் ஒரு தடவை தலையைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ரொம்ப இயல்பா இருக்கு சார். இத அங்க வந்து செய்ய முடியுமா? தெனம் வேணாம், ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்.”

மெக்கானிக்கின் தலை ஆடவில்லை.

“ஞாயித்துக்கிழமை எங்கப்பாவுக்கு லீவு,” என்றாள் சுண்டு.